ஆர்44: பக்கவாட்டில் பெடல் தீரும் இடம்

ஆர்44 ஹெலிகாப்டரில் பக்கவாட்டில் நகரும் பயிற்சிக்கு முன் நாங்கள் முதலில் பார்ப்பது காற்றின் திசையும் வலுவும் காட்டும் காற்றுப்பையைத்தான். விமானி கையேட்டில் வரும் 17 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) என்பது தரைமீது நகரும் வேகம் அல்ல. எத்திசையிலிருந்து வந்தாலும் சமாளிக்க முடியும் என்று சோதித்துக் காட்டிய காற்றின் வேகம். வலமிருந்து 10 நாட் வீசும்போது வலப்பக்கமாக 10 நாட்டில் நகர்ந்தால் ஹெலிகாப்டருக்குப் படுவது 20 நாட். தரையைப் பார்த்தால் மெதுவாகப் போவது மாதிரிதான் தெரியும், ஏமாறுவது இங்கேதான்.

இரண்டு பக்கமும் ஒன்றல்ல. ஆர்44-இன் மெயின் ரோட்டர் (தலைக்கு மேல் சுழலும் பெரிய விசிறி) மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்வினையாக மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், வாலிலுள்ள சிறு விசிறியான டெயில் ரோட்டரின் விசையைக் கூட்டும் இடது பெடல்தான் அதைப் பிடித்து வைக்கிறது. வலப்பக்கம் நகரும்போது வாலும் மூக்கைக் காற்றுப் பக்கம் இழுக்கும், டெயில் ரோட்டர் இறக்கைகளின் தாக்குகோணமும் (காற்று இறக்கையில் படும் கோணம்) குறையும். இரண்டுக்கும் இடது பெடல் வேண்டும். பாரமும் வெப்பமும் சேர்ந்த நாளில் பெடல் முதலில் தீர்வது, அதாவது மிதிக்க மிச்சமில்லாமல் போவது, இந்தப் பக்கம்தான்.

இடப்பக்கம் வேறு கதை. டெயில் ரோட்டர் தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே போய், காற்று தன்னைச் சுற்றியே வளையமாகச் சுழலும் நிலையில் (சுழல் வளையம்) சிக்கலாம். அதனால் பெடலில் கால்கள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு கூடினால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

மூக்கு தானாக வலம் சுழன்றால் இடது பெடலை உடனே முழுவதும் மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும்; கூடவே சைக்ளிக்கை (ஹெலிகாப்டரைச் சாய்த்து நகர்த்தும் கட்டுப்பாட்டுத் தடி) முன்னால் கொடுத்து வேகமெடுக்க வேண்டும், உயரம் இருந்தால் பவரைக் குறைக்கலாம். அரைப் பெடலோடு நின்று யோசித்தால் சுழற்சி வேகம் பிடித்துவிடும்.

பின்னோக்கிப் போகும் முன் 90 பாகை திரும்பிப் பாதையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். சைக்ளிக்கைப் பின்னால் இழுத்ததும் வால் தாழும், அதனால் வழக்கமான ஹோவரைவிட (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது) சற்று உயரம் வேண்டும். முன்னிருக்கைகளில் கனமானவர்கள், பின்னால் சுமை இல்லை என்றால் சைக்ளிக் ஏற்கெனவே பின்னால்தான் இருக்கும். பின்காற்றும் சேர்ந்தால் இழுக்க மிச்சம் இருக்காது. எதிர்க்காற்றில் ஹோவர் செய்யும்போது இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

நகர்வு முழுவதும் நிற்காமல் இறங்கவே கூடாது. ஸ்கிட் (தரையில் ஊன்றும் கால்சட்டம்) புல்லிலோ கல்லிலோ மாட்டினால் அதுவே அச்சாகி, 5 முதல் 8 பாகைச் சாய்விலேயே கவிழ்வது கைமீறிப் போகலாம். சைக்ளிக் அப்போது உதவாது. தூக்குவிசையைக் கூட்டிக் குறைக்கும் கலெக்டிவ் நெம்புகோலைச் சீராக இறக்க வேண்டும்.