கார்டிசால் எண்ணைப் பார்க்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

நிலநடுக்கத்திலோ வெள்ளத்திலோ தப்பியவருக்கு பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) இருக்கிறதா என்று ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அப்படியொரு பரிசோதனை இன்னும் வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் அறிகுறிகளைக் கேட்டுத்தான் நோயை உறுதிசெய்கிறார்கள். உயிரியல் குறியீடுகள் ஆய்வுக்கு உதவுபவை, அவ்வளவுதான். அதிலும் அதிகம் குழப்புவது மன அழுத்த ஹார்மோனான கார்டிசால்.

மன அழுத்தம் என்றாலே அது ஏறியிருக்கும் என்று நினைக்கிறோம். 1988 ஆர்மேனிய நிலநடுக்கம் நடந்து ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, பேரழிவைச் சந்தித்த ஸ்பிடாக் நகரத்து வளரிளம் பருவத்தினருக்குக் காலைக் கார்டிசால் தூரத்து யெரெவான் பிள்ளைகளைவிடக் குறைவாகவே இருந்தது. கார்டிசால் கொஞ்சம் சுரந்தாலே போதும் என்று மூளை சீக்கிரமே தடை போட்டுவிடுகிறது என்பது ஒரு விளக்கம். இதைச் சோதிக்க இரவு 11 மணிக்கு, கார்டிசால்போலச் செயல்பட்டு அதன் சுரப்பை அடக்கும் டெக்ஸாமெதசோன் மருந்தை 0.5 மி.கி. கொடுத்து மறுநாள் ரத்தம் எடுப்பார்கள். வழக்கமான 1 மி.கி. கொடுத்தால் பெரும்பாலோருக்கும் கார்டிசால் அடங்கிவிடும், வித்தியாசம் தெரியாது.

உமிழ்நீர் எடுப்பது சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம். கண் விழித்தவுடன் ஒன்று, 30ஆவது நிமிடம் ஒன்று, 45ஆவது நிமிடம் ஒன்று. அதுவரை பல் துலக்கல், டீ, சிகரெட் எதுவும் கூடாது. ஈறு ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்; ரத்தத்திலுள்ள கார்டிசால் எண்ணை ஏற்றிவிடும். முதல் குழாயைக் கால் மணி நேரம் தாமதித்து எடுத்தால் கார்டிசால் அதற்குள் ஏறத் தொடங்கியிருக்கும். கண் விழித்தபின் வழக்கமாக வரும் காலை ஏற்றம் மழுங்கியதுபோல் தெரியும், அது நோயின் அடையாளமாகவே எழுதப்படும். முகாமில் ராத்திரி முழுக்கத் தூங்காதவரிடம் 'விழித்த நேரம்' என்று எதைக் குறிப்பது? கார்டிசால் அளவைக் குழப்பக்கூடிய ஆஸ்துமா இன்ஹேலரும், வெள்ளத்துக்குப் பின் அரிப்புக்குத் தடவும் ஸ்டீராய்டு களிம்பும் உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 'மருந்து சாப்பிடுகிறீர்களா' என்றால் இல்லை என்றுதான் பதில் வரும்.

இந்தத் தொல்லை தலைமுடியில் குறைவு. பின்னுச்சியில் தோலை ஒட்டி வெட்டிய முதல் 3 செ.மீ. ஏறத்தாழ மூன்று மாதக் கதை சொல்லும். வேர்ப்பக்கத்தை நூலால் கட்டாவிட்டால் எது வேர், எது நுனி என்று தெரியாமல் காலமே தலைகீழாகிவிடும். சீனாவின் 2008 வென்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு வளரிளம் பெண்களின் முடியைத் துண்டு போட்டு, நடுக்கத்துக்கு முந்தைய அளவையே பார்த்தார்கள். வேறு எதில் அது முடியும்? ஆனால் நுனிக்குப் போகப் போக, முடியை அலச அலச அளவு குறைந்துகொண்டே வரும்.

இன்னொரு குறியீடான சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) லிட்டருக்கு 10 மி.கி. தாண்டினால் அநேகமாகக் காயமோ தொற்றோதான். அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். ஒப்பிட வேண்டியவர்கள் பேரிடரையே பார்க்காதவர்கள் மட்டுமல்ல. அதே பேரிடரில் சிக்கியும் பிடிஎஸ்டி வராதவர்களும் வேண்டும்.