படிப்படியாகவா, ஒரே நாளிலா?

"ஒரே நாள்ல எல்லாக் கடையையும் மூடிட்டா உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்களுக்குத்தான் அக்கா ஆபத்து. படிப்படியாத்தான் மூடணும்." குடிநோய்க்குச் சிகிச்சை தரும் எங்கள் வார்டில், டாஸ்மாக் மதுக்கடைகளை மூடக்கூடாதா என்று ஒரு நோயாளியின் மனைவி கேட்டபோது நான் சொன்னது இது.

"தெறக்கும்போது படிப்படியாவா சிஸ்டர் தெறந்தாங்க?" இது அவர் கேட்டது.

அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

நான் சொன்னது மருத்துவப்படி சரிதான். அதை முதலில் விளக்கிவிடுகிறேன். மதுவிலக்கு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், குடி நின்ற முதல் நான்கு நாளைப் பற்றி மட்டும் இரண்டு பக்கமும் பேசுவதில்லை.

குவார்ட்டர் என்றால் 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டருக்குள் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம் இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். அப்படியானால் ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்தும்போது உள்ளே போன ஒரு குவார்ட்டர் கரைய விடிந்துவிடும். (விடிகாலை டூட்டிக்கு வண்டி எடுப்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தூங்கி எழுந்துவிட்டோம் என்பதால் ரத்தத்தில் இருப்பது போய்விடாது.) வருஷக்கணக்கில் தினமும் இரண்டு மூன்று குவார்ட்டர் ஓட்டுகிறவருக்கு இது முழுசாகக் கரையும் நேரமே வருவதில்லை. ஆல்கஹால் மூளையை அமுக்கும். மூளையும் சும்மா இருக்காமல் அதற்கு ஈடாகத் தன் வேகத்தை ஏற்றிவைத்துக்கொள்ளும். சரக்கு திடீரென்று நின்றால் அமுக்குவதற்கு எதுவும் இல்லை, ஏற்றிவைத்த வேகம் மட்டும் அப்படியே நிற்கும்.

கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை ஆட ஆரம்பிக்கும். வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை. கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும் என்றாலும் காலை ஏழு மணிக்கே பிளாக்கில் கட்டிங் விற்பது இந்த நடுக்கத்தை நம்பித்தான். பல் விளக்கும் முன் குடிக்க வேண்டியிருக்கிறதா என்று நாங்கள் கேட்பதும் இதற்காகத்தான். எவ்வளவு குடிக்கிறார் என்ற கேள்விக்கு எல்லோரும் குறைத்துச் சொல்வார்கள், இந்தக் கேள்விக்கு வீட்டுக்காரம்மா உண்மையைச் சொல்லிவிடுவார். ஆறு மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48-லிருந்து 96 மணி நேரத்துக்குள் வருவதுதான் பெரிய ஆபத்து. காய்ச்சல், ஏறிய ரத்த அழுத்தம், இடம் பொருள் தெரியாத குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது. எல்லோருக்கும் வராது, நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு வரும். சிகிச்சை இல்லாத காலத்தில் அப்படி வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று கவனித்துப் பார்த்தால் 5 சதவீதத்துக்கும் கீழே.

அந்த அக்காவின் கணவர் கொத்தனார். மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலில் உட்கார்ந்தபடியே பூசிக்கொண்டிருந்தார். இடது கையில் தட்டு இருப்பதுபோல் பிடித்து, வலது கையால் கலவையை அள்ளி, கரணையைத் திருப்பிச் சுவரில் அடித்து, மட்டக்கோல் வைத்து இழுத்து, சரியில்லை என்று முகம் சுளித்து மறுபடி அள்ளினார். கை நடுக்கத்தில் படுக்கை விரிப்பு முழுக்கச் சுருண்டு போயிற்று. யாரையோ "தண்ணி ஊத்துடா" என்று அதட்டினார். குடி நின்ற உடம்பு செய்த தொழிலையே செய்துகாட்டும், தையல்காரர் மிஷின் மிதிப்பார், டிரைவர் கியர் மாற்றுவார். பக்கத்தில் நின்ற மனைவி அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்து என்று நான் சொன்னபோது அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது, ஆடம்பர மருந்தும் இல்லை. குளோர்டயசிபாக்ஸைடு மாத்திரையை முதல் நாள் தேவையான அளவு கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாளில் குறைத்து நிறுத்துவது. கல்லீரல் சுருங்கியவருக்கு அது உடம்பில் தேங்கிவிடும் என்பதால் லோராசிபாம். நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் என்று பத்து அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டுச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், மொத்தம் 67. அதைப் பொறுத்து மருந்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இதையெல்லாம்விட முக்கியம் தயமின், அதாவது பி1 வைட்டமின். சோறு இறங்காமல் வருஷக்கணக்கில் குடித்த உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். ஊர்ப் பக்கம் ஆள் தளர்ந்து விழுந்தால் முதலில் கேட்பது "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க". தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்ச தயமினையும் அது இழுத்துவிடும். கண் அசைவு கோணிப்போகும், நடை தள்ளாடும், குழப்பம் கூடும். போதை தெளியவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அதற்குள் சரிசெய்யாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகும். காலையில் சாப்பிட்டது மதியம் தெரியாது, கேட்டால் இல்லாத கதை ஒன்றைச் சொல்வார்கள். அதுவரை போகவிடாமல், கண்ணும் நடையும் கோணும் நிலையிலேயே கண்டால் தயமின் 500 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, நரம்பு வழியாக. ஒரு வைட்டமின் ஊசி தடுத்திருக்கக்கூடிய சேதம் இது.

ஒரே நாளில் மூடினால் என்ன ஆகும் என்பது நமக்கு 2020 ஊரடங்கில் தெரிந்தது. மார்ச் 24 மாலை மூடிய டாஸ்மாக் கடைகள் மே 7-ல்தான் சென்னை தவிர்த்த இடங்களில் திறந்தன. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொல்லி, உச்சநீதிமன்றம் தடை கொடுத்து மே 16-ல் மறுபடி திறந்தன. சென்னையில் ஆகஸ்ட் 18 வரை ஆனது. பஸ் இல்லை, ஓ.பி. இல்லை, குடி மட்டும் நின்றது. கேரளத்தில் மருத்துவர் சீட்டு கொடுத்தால் மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டு, மருத்துவர்கள் எதிர்த்து, உயர்நீதிமன்றம் அதை நிறுத்தியது. வலிப்பை மதுவால் தள்ளிப்போடலாம் என்பது உண்மைதான். அதற்கு மருந்துச் சீட்டு எழுதுவது மருத்துவம் ஆகாது.

கடையை மூடினால் தலைதூக்கும் கள்ளச்சாராயத்தையும் அந்த அக்காவிடம் சொல்லியிருப்பேன், நேரம் இருந்திருந்தால். அதில் கலந்திருக்கும் மெத்தனால் என்ற விஷச் சாராயம் உள்ளே போய் 12 முதல் 24 மணி நேரம் பேசாமல் இருக்கும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகுதான் வயிற்று வலி, மூச்சிரைப்பு, கண் முன்னால் வெள்ளையாகப் பனி மூடியது போன்ற பார்வை. கூடவே நல்ல சரக்கும் குடித்திருந்தால் அறிகுறி இன்னும் தள்ளிப்போகும். "நேத்துக் குடிச்சேன், நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவதில்தான் உயிர் போகிறது. மாற்று மருந்து ஃபோமிபிசோல், அது கையில் இல்லாத இடத்தில் எத்தனால், முடிந்த வேகத்தில் டயாலிசிஸ். 1960-லிருந்து மதுவிலக்கு உள்ள குஜராத்தில் 2022 ஜூலையில் பொடாட் பக்கம் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2016-ல் தடை போட்ட பீகாரில் 2022 டிசம்பரில் சாரன் மாவட்டத்தில் இன்னும் அதிகம்.

ஆனால் இந்த வாதம் எனக்கே முழுசாக நிற்கவில்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் சித்தாமூர் பக்கத்திலும் செத்தவர்களும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் செத்த 60-க்கும் மேற்பட்டவர்களும் கடைகள் திறந்திருந்த மாநிலத்தில்தான் செத்தார்கள். 2024-ல் குவார்ட்டர் 140 ரூபாய்க்கு விற்றபோது கள்ளச்சாராயப் பாக்கெட் அதைவிட மலிவு. அன்றாடங்காய்ச்சி மலிவைத்தான் வாங்குவான். ஆகக் கடை திறந்திருப்பது கள்ளச்சாராயத்துக்குத் தடுப்பு என்பதையும் நான் அடித்துச் சொல்ல முடியாது.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். திறக்கும்போது படிப்படியாகத் திறந்தார்களா? இல்லை. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் ஆரம்பித்து, 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்த மதுவிலக்கு, 1971-ல் ஒரே அடியாகத் தள்ளிவைக்கப்பட்டது. 1974-ல் திரும்பி வந்து 1981-ல் மறுபடி போயிற்று. 1983-ல் டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசு கைக்கு. திறக்கும் எந்தத் தேதியிலும், இத்தனை படுக்கை தயாராக இருக்கிறதா, தயமின் இருக்கிறதா என்று யாரும் பார்த்துவிட்டுத் திறக்கவில்லை. மூடுவது என்று வரும்போதுதான் தயாரிப்பைப் பற்றி நினைப்பு வருகிறது: 2016-ல் 500 கடை, 2017-ல் 500, 2023-ல் 500. அதற்குப் பிறகும் ஏறக்குறைய 4,800 மிச்சம் இருந்தன, 2023-24-ல் ஆண்டு வருமானம் 45,000 கோடியைத் தாண்டியது. இந்த வேகத்தை வைத்துப் பார்த்தால் நான் சொன்ன "படிப்படியா" என்பதற்கு அவர் காதில் "உன் காலத்தில் இல்லை" என்றுதான் அர்த்தம் ஆகியிருக்கும்.

அதோடு இன்னொன்று. நான் கணவருக்கான பதிலைச் சொன்னேன். அவர் கணவருக்காகத்தான் கேட்டாரா? அவருக்குப் பத்தாவது படிக்கிற பையன் இருக்கிறான். அப்பாவுக்கு டீ வாங்கிக்கொண்டு தினமும் வார்டுக்கு வருவான். கடை மூடப்பட்டதால் பிழைத்தவர் எந்த வார்டுக்கும் வரமாட்டார், அவருக்கு ஓ.பி. சீட்டு கிடையாது, கேஸ் ஷீட் கிடையாது. எங்கள் கண்ணில் படுவது ஏற்கெனவே விழுந்தவர்கள் மட்டும். அவர்களை வைத்து நாங்கள் சொல்லும் பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் பாதிப் பதில்தான். அந்த அக்காவுக்கு வேண்டியிருந்தது மீதிப் பாதியாக இருக்கலாம்.

அந்தப் பாதிக்குக் கணக்கு இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் வழுக்குகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், குடிப்பதாகச் சொன்ன ஆண்கள் பீகாரில் 2015-16-ல் 29 சதவீதம், 2019-21-ல் 15.5. தடையின் வெற்றி என்று இதைக் காட்டுகிறார்கள். அதே கணக்கெடுப்பில் கடைகள் திறந்திருந்த தமிழ்நாட்டிலும் 46.7-லிருந்து 25.4 ஆக இறங்கியிருக்கிறது. முதல் கணக்கு 15 முதல் 49 வயதுவரை, இரண்டாவது 15 வயதுக்கு மேல் எல்லோரும் என்பதால் நேராக ஒப்பிடவும் முடியாது. குடித்தால் ஜெயில் என்ற ஊரில் வீட்டு வாசலில் வந்து கேட்பவரிடம் எத்தனை பேர் உண்மை சொல்வார்கள் என்பது வேறு. எங்களிடமே, சிகிச்சைக்கு வந்த இடத்திலேயே, பாதியைத்தான் சொல்கிறார்கள்.

கொத்தனார் தேறி வீட்டுக்குப் போனார். டிஸ்சார்ஜ் அன்று நாங்கள் சொல்லும் வழக்கமான எச்சரிக்கை ஒன்றை இங்கேயும் சொல்ல வேண்டும்: குடியை மறக்கடிக்கும் பொடி என்று விற்பதை வாங்கிச் சாம்பாரில் கலக்காதீர்கள். அதில், குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிராம் மருந்து இருந்தால், தெரியாமல் அவர் ஒரு கட்டிங் போட்டாலும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அந்த மாத்திரையை நோயாளி தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டும். கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை இருக்கும். குடித்தே தீருவேன் என்பவருக்கு அதைத் தொடவே கூடாது, நால்ட்ரெக்ஸோன் போன்ற வேறு மருந்து இருக்கிறது, கல்லீரலைப் பார்த்துத்தான் அதையும் தர வேண்டும். ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்வோம்: வேலை முடிந்து வரும் வழியை மாற்றிக்கொள்ளுங்கள், கடை இருக்கும் தெரு வேண்டாம், சம்பளத்தை வீட்டில் வாங்கச் சொல்லுங்கள். மாற்று வழி இல்லாதவருக்கு இது வெறும் பேச்சு. அவர் வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் கடை இருக்கிறது, கூலி கொடுப்பதும் அதன் எதிரில்தான்.

எனக்கு இப்போதும் ஒரே நாளில் மூடுவதில் சம்மதமில்லை. ஆரம்ப சுகாதார நிலையம்வரை குளோர்டயசிபாக்ஸைடும் தயமினும் போய்ச் சேர்ந்து, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அங்கிருக்கும் சிஸ்டருக்குச் சொல்லிக்கொடுத்து, அதன்பிறகு தேதி குறித்து மூட வேண்டும் என்றுதான் சொல்வேன். அந்தத் தேதியைக் கேட்டால் என்னிடம் இல்லை. அதற்குள் ஒன்று செய்யலாம். அடுத்த 500 கடை என்று அறிவிக்கும்போது, அதில் எவை என்பதை எங்கள் வார்டுகளைக் கேட்டு முடிவு செய்யலாம். ஒரே தெருவிலிருந்து அடுத்தடுத்து ஆள் வருவது டூட்டி பார்ப்பவர்களுக்குத் தெரியும். சேர்க்கைப் படிவத்தில் வயது, தொழில், வருமானம், குடிக்க ஆரம்பித்த வயது, குடிக்கும் அளவு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. எந்தக் கடை, வீட்டிலிருந்து எத்தனை தூரம் என்பதற்குக் கட்டம் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.