வெயில் ஏறினால் மாறும் நடை

காலமை என்னைச் சந்திக்கிறவருக்கு எனக்கு வருத்தம் இருப்பது தெரியவே தெரியாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கி, சைக்கிளில் வீடு வந்துவிடுவேன். மத்தியான வெயிலில் அந்தச் சந்தைச் சந்தியைக் கடக்கும்போது இடது கால் இழுபடும், உடம்பு ஒரு பக்கம் சாயும். காலமை பார்த்தவர் ‘நடிக்கிறான்’ என்பார். மத்தியானம் மட்டும் பார்த்தவர் ‘குடிவெறி’ என்பார். மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் வந்த பிறகு, காலின் இழுவையை விட இந்த இரண்டு சொல்லும்தான் என்னைக் கூட வருத்தின.

இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, முள்ளந்தண்டு நரம்புகளைச் சுற்றியுள்ள மையலின் உறையைச் சிதைக்கிறது. உறை கழன்ற நரம்பில் செய்தி தட்டுத்தடுமாறித்தான் போகும். உடம்புச் சூடு அரைப் பாகை ஏறினாலே தடுமாற்றம் கூடலாம். சூடு தணிந்தால் பழைய நிலைக்கு வரும். கண் வைத்தியர் ஊட்ஹோஃப் 1890 இலேயே ஜேர்மனியில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் பார்த்தவர்களுக்கு உடம்பை வருத்தி வேலை செய்த பிறகு பார்வை மங்கியது. எனக்கும் கண்ணில்தான் தொடங்கியது. கிளினிக்கில் டொக்டர் இதைச் சொன்ன அன்றுதான், நான் நடிக்கவில்லை என்று எனக்கே முழு நம்பிக்கை வந்தது.

சொந்தக்காரர் செய்வினை என்றார்கள், கண்ணூறு என்றார்கள், தொற்றுமோ என்றும் ஒருவர் கேட்டார். தொற்றாது. அம்மாவுக்கு இருந்த பயம் வேறு: “வெளியில சொல்லாத தம்பி, தங்கச்சிக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லை.” இது நேரடியாகப் பரம்பரையில் இறங்கும் நோய் இல்லை, கூடப்பிறந்தவர்களுக்கு மற்றவர்களை விடக் கூடுதல் சாத்தியம், ஆனாலும் அதுவும் சிறியதுதான். நான் சொல்லி அம்மா நம்பவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டரிடம் தானே கேட்டா. அதற்குப் பிறகுதான் வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல முடிந்தது.

வேலையிடத்தில் மையலின் கதை எடுபடவில்லை. “வெளிவேலையைக் காலமை தாங்கோ, எவ்வளவும் செய்வன். மத்தியானத்துக்குப் பிறகு ஏலாது” என்றதும் உடனே விளங்கிக்கொண்டார்கள். “எங்களுக்கும் களைப்புத்தானே” என்ற ஒருவரோடு நான் வாதாடவில்லை. உங்கள் களைப்பு நித்திரை கொண்டால் போகும், என்னுடையது நித்திரையால் எழும்பும்போதே கூட எழும்பும் என்றேன். அவர் இப்போது என் கோப்புகளைத் தானே மாடிக்குக் கொண்டுபோகிறார்.

பிசியோதெரபியில் ஊன்றுதடி பாவிக்கச் சொன்னார்கள். தடி வந்ததும் ‘வெறி’ என்ற பேச்சு நின்றது, ‘பாவம்’ வந்தது. ஒரு வீட்டில், நான் பக்கத்தில் இருக்க, “அவருக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடலாமோ?” என்று மனைவியிடம் கேட்டார்கள். “அவரிட்டையே கேளுங்கோ” என்றா அவ. இதுவும் நோகும். ஆனாலும் சந்தேகத்தை விட இரக்கம் பரவாயில்லை என்பது என் முடிவு. இரக்கப்படுகிறவர் முகத்துக்கு நேரே கேட்கிறார், அவருக்குப் பதில் சொல்லலாம். வெறி என்று நினைத்தவர் விலகிப் போய்விடுவார்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கடும் வெயில். மணல் சுட முன், காலமைப் பூசைக்கே தடியோடு போய்வருகிறேன்.

தங்கச்சிக்கு ஒரு பேச்சு வந்தபோது, தரகர் மறைக்கச் சொன்னதை அவளே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். அந்த இடம் சரிவரவில்லை. அடுத்து வந்தவர்களுக்கும் முதலில் அதைத்தான் சொன்னாள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த டொக்டர் ஒருவரிடம் விசாரித்துவிட்டு வந்து, குறிப்பைக் கேட்டார்கள்.