ஷட்டவுன் செய்தால் வராத வைஃபை, ரீஸ்டார்ட் செய்தால் வந்தது

ஒரு லேப்டாப்பில் வைஃபையை ஒழுங்காக நிற்க வைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் மாற்றியது இரண்டே இடம்: விண்டோஸில் ஒரு டிக், லினக்ஸில் ஒரு எண். அந்த இரண்டைக் கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு நாள் ஆனது என்று எழுதி வைக்கிறேன். ஒரே மெஷினில் இரண்டு ஓஎஸ் வைத்துக்கொண்டு, லினக்ஸுக்கு வந்தால் மட்டும் வைஃபை படுத்துகிறது என்று தவிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் சிலர் பொறுத்துப் பார்த்துவிட்டு லினக்ஸையே அழித்துவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

லேப்டாப் எனக்கும் அக்காவுக்கும் பொது. இரவில் அவள் விண்டோஸில் அலுவலகக் கணக்கு பார்ப்பாள், காலையில் நான் லினக்ஸைத் திறந்து உட்காருவேன். சில காலைகளில் மேல் மூலையில் வைஃபை ஐகானே இருக்காது. செட்டிங்ஸுக்குப் போனால் அடாப்டர் எதுவும் இல்லை என்று வரும். வேறு சில நாட்களில் நல்லபடியாக இணையும், ஆனால் ஏதாவது நீளமாகப் படித்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தட்டினால் அது திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஐகான் என்னவோ முழு சிக்னல் காட்டும், பத்து இருபது விநாடியில் தானாகவே சரியாகிவிடும்.

இது இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அங்கேதான் சறுக்கியது. ஒரு கோளாறுக்கு ஒரு மருந்து என்று தேடும்போது, பாதிக்கு வேலை செய்யும் சரியான மருந்துகூட "இதுவும் சரிப்படவில்லை" என்று குப்பைக்குப் போய்விடும். எனக்கு அதுதான் நடந்தது. முதல் வாரமே வைஃபையின் பவர் சேவிங்கை நிறுத்திப் பார்த்தேன், மறுநாள் காலை ஐகானே இல்லை, உடனே அதைப் பழையபடி மாற்றிவிட்டேன். சரியான விடை கையில் இருந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன்.

அந்த வாரம் செய்த மற்ற எல்லாம் வீண் வேலை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வரிசை இல்லாமல் செய்தேன். ஃபர்ம்வேர், அதாவது வைஃபை கார்டுக்குள் ஓடும் சின்ன சாஃப்ட்வேர், அதன் பேக்கேஜை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். க்ரப் (மெஷின் திறந்ததும் எந்த ஓஎஸ் என்று கேட்கும் மெனு) மூலமாக, லினக்ஸின் மையமான கர்னலுக்கு, கார்டு இணைந்திருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையின் மின் சிக்கனத்தை அணைக்கும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். பயாஸில் ஃபாஸ்ட் பூட் என்று ஒன்று இருந்தது, அதை அணைத்தேன். அப்புறம் யாரோ எழுதி வைத்திருந்த ஒரு தனி டிரைவரை இறக்கி கம்பைல் செய்தேன். நம்பகமான கையெழுத்து உள்ளதை மட்டும் ஓட விடும் செக்யூர் பூட் ஆனில் இருந்ததால், டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவர் மாட்யூலை ஏற்ற மாட்டேன், தேவையான சாவி இல்லை என்று கர்னல் மறுத்துவிட்டது. சாவியை உருவாக்கிப் பதிவு செய்து அதையும் தாண்டினேன், அடுத்த கர்னல் அப்டேட்டில் அந்த டிரைவர் உடைந்தது. உங்கள் கார்டுக்கு கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது என்றால் தயவுசெய்து இந்தப் பக்கம் போகாதீர்கள். இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம், எல்எஸ்பிசிஐ கட்டளையை மைனஸ் கே போட்டு ஓட்டினால் கார்டின் பெயருக்குக் கீழே எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்று காட்டும்.

இரண்டாவது வாரம் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், அதற்கு முன் மெஷின் எந்த ஓஎஸ்ஸில் இருந்தது, எப்படி அணைக்கப்பட்டது, வைஃபை என்ன செய்தது. அவ்வளவுதான். நான்கு நாளில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது: ஐகான் இல்லாத காலைகள் எல்லாமே அக்கா முந்தைய இரவு வேலை பார்த்த நாட்கள். அவள் தொடாத நாட்களில் ஒரு தடவைகூட அடாப்டர் காணாமல் போகவில்லை. ஆனால் ஒரு வரி மட்டும் இதில் பொருந்தவில்லை. அன்றைக்கு அவள் வேலை பார்த்திருக்கிறாள், வைஃபையும் காலையில் இருந்தது.

"அக்கா, செவ்வாய்க்கிழமை ராத்திரி எப்படி மூடின?"

"அன்னைக்கு ஏதோ அப்டேட்னு சொல்லி ரீஸ்டார்ட் கேட்டுச்சுடா. குடுத்தேன். திரும்பி உன் மெனு வந்துச்சு, அப்படியே பவர் பட்டனை அழுத்திட்டுப் படுத்துட்டேன்."

"மத்த நாள்?"

"ஷட்டவுன்தான். ஏன், ஒழுங்கா அணைச்சது தப்பா?"

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்தவற்றை எல்லாம் மூடிவிட்டு, விண்டோஸின் கர்னலை மட்டும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் ஒரு ஃபைலாக எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். அடுத்த முறை அதை எடுத்துப் போட்டுக்கொண்டு சட்டென்று எழுந்துவிடும். அதாவது நாம் ஷட்டவுன் என்று நினைப்பது அங்கே பாதி ஹைபர்னேட். ரீஸ்டார்ட்டில் இது கிடையாது, அதில் எல்லாம் முழுதாக இறங்கி முழுதாக ஏறும். விண்டோஸ் மட்டும் உள்ள மெஷினில் இது நல்ல ஏற்பாடுதான். இரண்டு ஓஎஸ் இருக்கும்போது, தூங்கப் போனது ஒருவர், எழுப்ப வருவது வேறொருவர் என்று ஆகிவிடுகிறது. விண்டோஸ் திரும்பி வரும் என்ற கணக்கில் வைஃபை கார்டு ஏதோ ஒரு பாதி நிலையில் விடப்பட்டிருக்கும், அங்கே லினக்ஸ் வந்து ஃபர்ம்வேரை ஏற்றப் பார்த்தால் கார்டு பதிலே சொல்லாது.

இதை என் லாகே முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. டிமெசேஜில், அதாவது கர்னல் எழுதும் செய்திப் பட்டியலில், ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்ற வரி வந்ததும் நான் அந்த வார்த்தைகளை மட்டும் பார்த்துவிட்டு பேக்கேஜை மறுபடி போடப் போய்விட்டேன். வரியின் கடைசியில் ஒரு எண் இருக்கும், அதைப் படிக்க வேண்டும். மைனஸ் 2 என்றால் அந்த ஃபைலே கிடைக்கவில்லை என்று அர்த்தம், அப்போது பேக்கேஜைப் போடுவது சரி. என்னுடையதில் இருந்தது மைனஸ் 110. காத்திருந்த நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஃபைல் இருக்கிறது, ஏற்றப் போனார்கள், மறுமுனையில் ஆள் இல்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைக் க்ளிக் செய்தால் அந்த ஒரு தடவை முழுதாக அணையும். அக்காவை மூன்று இரவு அப்படிச் செய்யச் சொன்னேன், மூன்று காலையும் ஐகான் இருந்தது. நான்காவது இரவு வேண்டுமென்றே சாதாரணமாக ஷட்டவுன், காலையில் ஐகான் இல்லை. அந்தக் காலையில் வைஃபை இல்லாததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் நிரந்தரமாக மாற்றினேன். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கம், கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக். அது மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். மேலே இப்போது மாற்ற முடியாத செட்டிங்ஸை மாற்ற என்று ஒரு லிங்க் இருக்கிறது, அதைத் தட்டினால்தான் டிக்கை எடுக்க முடியும். பயாஸில் நான் அணைத்த ஃபாஸ்ட் பூட் வேறு, இது வேறு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பிவிட்டேன். அது மெஷின் தொடங்கும்போது செய்யும் சோதனைகளைச் சுருக்குவது, விண்டோஸ் எப்படித் தூங்குகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது உடனடியாக வைஃபை வேண்டும், கார்டு ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால்: முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் கை கொடுத்தது. லினக்ஸிலிருந்து வெறுமனே ரீஸ்டார்ட் செய்தபோது சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை.

இனி இரண்டாவது கோளாறு. ஐகான் தினமும் வந்துவிட்டது, ஆனால் நடுவில் நின்று நின்று போவது அப்படியே இருந்தது. இதற்கு நோட்டு போதவில்லை, நேரில் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று டெர்மினல் திறந்து ஒன்றில் ரவுட்டருக்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது), ஒன்றில் வெளியே ஒரு ஐபி முகவரிக்கு பிங், மூன்றாவதில் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லை கர்னல் செய்திகள் மட்டும் ஓடும்படி விட்டேன். வெளி முகவரி மட்டும் பதில் தராமல், ரவுட்டர் பதில் சொன்னால் பிரச்சினை லேப்டாப்பில் இல்லை. ஐபி போகிறது, பெயர் போட்டால் மட்டும் போகவில்லை என்றால், பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் பிரச்சினை. எனக்கு ரவுட்டரே தள்ளாடியது. நான்கடி தூரத்தில் இருக்கும் ரவுட்டர்.

அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 3 மில்லிசெகண்ட், 88, 110, 4, 204, 97, 310, திரும்ப 3. அப்புறம் எதுவுமே வராமல் ஏழெட்டு வரி. ஒரு பெரிய ஃபைலை டவுன்லோட் போட்டேன், வேகம் எப்படி என்று பார்ப்பதற்காக. போட்டவுடனே பிங் சீரானது. 3, 4, 3, 5, 3, ஒரு வரிகூட விடவில்லை. டவுன்லோட் முடிந்ததும் மறுபடி 95, 190, 102. அதாவது வேலை கொடுத்தால் ஒழுங்காக இருக்கிறது, சும்மா இருந்தால்தான் தடுமாறுகிறது. சிக்னல் பலவீனமாக இருந்தால் இதற்கு நேர் எதிராக நடந்திருக்க வேண்டும்.

காரணம் பவர் சேவிங். கார்டு வேலை இல்லாதபோது ரேடியோவை அணைத்துக்கொண்டு தூங்கும், அந்த நேரத்தில் அதற்கு வரும் பாக்கெட்டுகளை ரவுட்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். பீக்கன் என்று ஒரு அறிவிப்பை ரவுட்டர் அனுப்பிக்கொண்டே இருக்கும், வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, அதில் உனக்குப் பாக்கெட் இருக்கிறது என்ற குறிப்பும் இருக்கும். கார்டு எழுந்து அதைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பீக்கனைத் தவறவிட்டால் அடுத்தது வரை காத்திருக்க வேண்டும், என் பிங் எண்கள் 100, 200, 300 என்று அடுக்கடுக்காக ஏறியது அதனால்தான். பெரும்பாலான கார்டுகள் இதை ஒழுங்காகவே செய்கின்றன. என் கார்டும் டிரைவரும் ரவுட்டரும் சேர்ந்த இந்தக் கூட்டணிக்கு அது ஒத்துவரவில்லை, சில நேரம் எழுந்திருப்பதே தாமதமாகிறது.

முதலில் தற்காலிகமாக, வைஃபை கார்டை அமைக்கும் ஐடபிள்யூ கட்டளையில் பவர் சேவை ஆஃப் செய்தேன். பிங் அந்த நொடியே 3, 3, 4. ஆன் செய்தேன், 110, 96. ஆஃப், 3. ஐந்தாறு தடவை இப்படியே மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இந்தக் கட்டளை ரீபூட் வரைக்கும்தான் நிற்கும். நிலையாக வைக்க, லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள் போக வேண்டும். நான் பயன்படுத்தும் லினக்ஸ் வகையில் வைஃபை பவர் சேவ் என்று பெயரிலேயே எழுதிய ஒரு சின்ன ஃபைல் அங்கே இருந்தது, உள்ளே எண் 3. 3 என்றால் ஆன், 2 என்றால் ஆஃப். அந்த ஃபைலையே திருத்தாமல், அதே இரண்டு வரியை 2 என்று போட்டு, அகரவரிசையில் அதற்குப் பின்னால் வரும் பெயரில் இன்னொரு ஃபைல் வைத்தேன். பின்னால் படிக்கப்படுவதுதான் செல்லும், அப்டேட் வந்து பழைய ஃபைலை மாற்றினாலும் என்னுடையது அப்படியே இருக்கும். பேட்டரியில் எனக்குத் தெரியும்படி எந்தக் குறையும் இல்லை.

ப்ளூடூத் ஹெட்செட்டில் பேசும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்தது. ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது, என் லேப்டாப்பில் இரண்டும் ஒரே கார்டில் இருக்கின்றன, வைஃபை இணைப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் அதுவும் அடங்கிவிட்டது.

நோட்டில் அதற்குப் பிறகு பதினாறு நாள் எழுதினேன், எல்லாவற்றிலும் "சரி" என்று ஒரே சொல். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தால் அந்த டிக் திரும்பியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிடுகிறேன். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸிலிருந்து திறந்தால் பல நாள் படிக்க மட்டும்தான் முடியும், எதையும் எழுத விடாது. டிஸ்க் பழசாகிவிட்டது என்று நினைத்து விட்டிருந்தேன். விண்டோஸ் ஹைபர்னேட் ஆகியிருப்பதால் பாதுகாப்புக்காக லினக்ஸ் எழுத மறுத்திருக்கிறது. டிக்கை எடுத்த மறுநாள், அக்கா கேட்டிருந்த ஃபோட்டோக்களை லினக்ஸிலிருந்தே அவளுடைய ஃபோல்டரில் போட்டேன், மறுப்பே இல்லாமல் ஏறியது.