மாநிலங்களவையில் அண்ணா: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 3

அண்ணாவின் மாநிலங்களவைப் பேச்சுகளை வரிசையாக வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். மேடைப் பேச்சுகளை அல்ல. அவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ‘மாதமோ சித்திரை, மணியோ பத்தரை’ என்று எடுத்துக் கொடுத்தால், மீதியைச் சொல்லி முடிக்க இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அடுக்குமொழிக்குக் கைதட்ட ஆளில்லாத அவை, தமிழ் அல்லாத மொழி, நேரம் முடிந்தால் மணியடித்து உட்கார வைக்கும் தலைவர். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர் எப்படிப் பேசினார், விவாதத்துக்கு விவாதம் அந்தப் பேச்சு எப்படி மாறியது என்பதுதான் எனக்கு வேண்டும்.

அவர் அங்கே போனதே ஒரு தோல்வியின் விளைவு. 1957-இல் 15 இடங்களை வென்ற தி.மு.க. 1962-இல் 50 இடங்களைப் பிடித்தது. ஆனால் கட்சியை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தவர் காஞ்சிபுரத்தில் தோற்றுப்போனார். அதே தேர்தலில் வாஜ்பாய் பல்ராம்பூரில் தோற்று, அதே ஆண்டில் அதே அவைக்கு வந்து சேர்ந்தார். வாக்காளர்கள் வேண்டாம் என்று சொன்ன இரண்டு பெரும் பேச்சாளர்களை மாநிலங்களவை ஒரே ஆண்டில் பெற்றுக்கொண்டது. மேலவை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

ஜூன் 5

1962 கன்னிப்பேச்சு, அதாவது அவையில் அவருடைய முதல் பேச்சு. குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது பேசுகிறார். இந்த விவாதத்துக்கு ஒரு வசதி உண்டு: நாட்டில் உள்ள எதைப் பற்றியும் பேசலாம். கன்னிப்பேச்சில் குறுக்கிடுவதில்லை என்ற மரபும் துணைக்கு இருக்கிறது. ஆக, ஒரு புதிய உறுப்பினருக்கு மேடைக்கு மிக அருகில் இருக்கும் இடம் இதுதான்.

அண்ணா அதை மேடையாகவே எடுத்துக்கொள்கிறார். நான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன், திராவிடன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ நான் எதிரி அல்லன் என்று கதவைத் திறந்து வைக்கிறார். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் வரி ஒன்றையும் துணைக்கு அழைக்கிறார். பிறகு வருகிறது அந்த வாக்கியம்: நாட்டுக்கு வழங்கத் திராவிடர்களிடம் ‘சம்திங் கான்கிரீட், சம்திங் டிஸ்டிங்ட், சம்திங் டிஃபரன்ட்’ இருக்கிறது, அதனால்தான் சுயநிர்ணய உரிமை கேட்கிறோம்.

இந்த இடத்தில் நிறுத்தி, வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மூன்று முறை ஒரே சொல்லில் தொடக்கம். கடைசி இரண்டிலும் மோனை. திருச்சி மாநாட்டில் தமிழில் கேட்டால் அடுக்குமொழி என்போம். டெல்லியில் ஆங்கிலத்தில் சொன்னதால், நயமான ஆங்கிலம் என்று பாராட்டினார்கள். ஆள் மாறவில்லை, உடை மட்டும்தான் மாறியிருக்கிறது. தனிநாடு எப்படி இருக்கும் என்று விவரிக்கும்போதும் சிறிய நாடு, செறிவானது, ஒருபடித்தானது, ஒன்றுபட்டது என்று சொற்களை அடுக்கிக்கொண்டே போகிறார்.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வாக்கியங்கள் பெரும்பாலும் ‘நான்’ என்று தொடங்குகின்றன. சேர்ந்தவன் நான், பெருமைப்படுகிறேன், வேண்டுகிறேன். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பேச்சு இது. கேட்பவரிடம் விடை எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 6

எதை நம்பி இவ்வளவும் எழுதுகிறேன் என்று ஒரு கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவைக்குறிப்பு ஒலிப்பதிவு அல்ல. சுருக்கெழுத்தாளர் எடுத்ததைத் தட்டச்சு செய்து உறுப்பினருக்கு அனுப்புவார்கள். அவர் சிறு திருத்தங்கள் செய்யலாம். தலைவர் நீக்கச் சொன்ன சொற்கள் இருக்காது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினால், ‘குறுக்கீடுகள்’ என்ற ஒரே சொல்லில் அமைதியாக அடங்கிவிடும். அண்ணாவின் அந்தக் கரகரத்த குரலும், வாக்கியத்தின் நடுவில் அவர் விடும் இடைவெளியும் தாளில் ஏறவில்லை.

அதனால் சொற்களை எண்ணி, வாக்கிய நீளத்தை அளந்து, ‘நடை இத்தனை சதவீதம் மாறியது’ என்று சொல்லும் ஆராய்ச்சிகளிடம் எனக்குக் கொஞ்சம் அச்சம் உண்டு. சுருக்கெழுத்தாளரின் நடையையும் சேர்த்துத்தான் அவர்கள் அளக்கிறார்கள். ஆனால் வாக்கியத்தின் வகையை அவ்வளவு எளிதில் மாற்றிவிட முடியாது. அறிவிப்பாகச் சொன்னதைச் சுருக்கெழுத்தாளர் கேள்வியாக எழுதிவிட மாட்டார். இனி அதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

ஜூன் 9

1963 ஜனவரி. பதினாறாவது அரசமைப்புத் திருத்த மசோதா. இடையில் சீனப் போர் வந்து போயிருக்கிறது, தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையை ஒத்திவைத்துப் போர் முயற்சிக்குத் துணை நின்றிருக்கிறது. அதன் பிறகு இந்த மசோதா வருகிறது. தேர்தலில் நிற்பவர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும்; அதே காரணத்துக்காகப் பேச்சு, கூட்டம், சங்கம் ஆகிய உரிமைகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம். யாரை நினைத்து வரைந்தார்கள் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது.

அண்ணாவின் நிலை விசித்திரமானது. ஓரமாக எடுத்து வைத்துவிட்ட ஒரு கோரிக்கையைத் தடை செய்யும் சட்டத்தை எதிர்க்க வேண்டும். எதிர்ப்பைச் சூடாகச் சொன்னால், ‘பார்த்தீர்களா, இன்னும் விடவில்லை’ என்பார்கள். மென்மையாகச் சொன்னால் பயந்துவிட்டார் என்பார்கள்.

பேச்சில் கவிதை மேற்கோளுக்கு வேலை இல்லை. கையில் எடுப்பது அரசமைப்பின் முகப்புரை. அரசியல் இறையாண்மை மக்களிடம் இருக்கிறது. சட்ட இறையாண்மை மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பகிர்ந்து தரப்பட்டிருக்கிறது. அப்படியென்றால், மாநிலங்களை இன்னும் ஆற்றலுள்ள இறையாண்மை அலகுகளாக்கும் திட்டம் என்று எங்கள் கோரிக்கையை நீங்கள் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

ஏன் கூடாது? கேள்வி வந்துவிட்டது. முந்தைய ஆண்டு ‘நான் இன்னார்’ என்றவர், இப்போது ‘நீங்கள் ஏன் இப்படி நினைக்கக் கூடாது’ என்கிறார். அதைவிட முக்கியம், கேள்வி எந்தச் சொற்களில் வருகிறது என்பது. எதிர்த்தரப்பு மறுக்க முடியாத ஒரே நூலிலிருந்து, அரசமைப்பிலிருந்து, எடுத்த சொற்கள் அவை.

படிக்கச் சுவை குறைந்த பேச்சு என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொகுப்புகளில் இதை எடுத்துப் போடுகிறவர்கள் குறைவாக இருப்பதும் வியப்பில்லை. ஆனால் சொந்தக் கட்சித் தொண்டர்களும் டெல்லி அமைச்சர்களும் ஒரே வாக்கியத்தை வெவ்வேறு பொருளில் கேட்டுத் தலையாட்டும்படி பேசுவது சாதாரண வேலை அல்ல. பின்னாளில் ‘மாநில சுயாட்சி’ என்று முழங்கியவர்கள் எல்லாரும் இந்தப் பேச்சுக்குக் கடன்பட்டவர்கள் என்பது என் வாதம்.

ஜூன் 14

நான் காத்திருந்த விவாதம். அதே 1963. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்ற தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா. கொண்டுவந்தவர் தமிழர் அல்லர்; வங்காளத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா. இதனால் அண்ணாவுக்குப் பெரிய விடுதலை. இது பிரிவினையின் பின்வாசல் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. மசோதா நிறைவேறப் போவதில்லை என்பதும் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரியும். தனிநபர் மசோதாக்களின் கதி பெரும்பாலும் அதுதான். ஓட்டுக் கணக்கின் பாரம் இல்லாதபோது பேச்சு எவ்வளவு லேசாகப் பறக்கிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பழைய சான்றுகளை எடுத்து வைக்கிறார். ஓர் உறுப்பினர் குறுக்கிட்டு, பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்கிறார். அண்ணா திருப்பிக் கேட்கிறார்: பார்லிமென்டை லோக்சபா என்று மாற்றியதில் உங்களுக்கு என்ன கிடைத்தது? கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸை ராஜ்யசபா என்று மாற்றியதில் என்ன கிடைத்தது? பிரசிடென்டை ராஷ்டிரபதி என்று மாற்றியதில் என்ன கிடைத்தது?

மறுபடியும் மூன்று! 1962-இன் ‘சம்திங், சம்திங், சம்திங்’ இங்கே ‘என்ன, என்ன, என்ன’ ஆகிவிட்டது. தாளம் அதேதான். அன்று அந்தத் தாளம் தன்னைப் பற்றிச் சொன்னது. இன்று எதிரே இருப்பவரைப் பற்றிக் கேட்கிறது. எடுத்துக்காட்டுகளும் அவர்களுடையவை. மூன்றில் ஒன்று, அவர் நின்று பேசிக்கொண்டிருக்கும் அவையின் பெயரே. யார் எழுந்து மறுப்பது?

அதன் பிறகுதான் நேரான விடையும் சொல்கிறார். உணர்வு நிறைவு கிடைக்கிறது. ஒரு பழம்பெயர் கோடிக்கணக்கானவர்களின் நெஞ்சில் பதிகிறது என்ற நிறைவு கிடைக்கிறது. பெயர் மாற்றும் சிறு தொல்லைக்கு இந்த ஈடு போதாதா? விடையும் கேள்வியில்தான் முடிகிறது.

மசோதா தோற்றது.

ஜூன் 15

நேற்று எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர் சொல்கிறார்: ‘மூன்றாக அடுக்குவது உலகத்துச் சொற்பொழிவாளர்கள் எல்லாரும் செய்வது. இதில் தமிழ் எங்கே வந்தது?’ நியாயமான அடி. பச்சையப்பன் கல்லூரியில் முதுகலை படித்த மனிதர், ஆங்கிலப் பேச்சாளர்களைக் கரைத்துக் குடித்திருப்பார். எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. அதே கருவியைப் பிடித்திருந்த கை எந்தப் பக்கம் திரும்பியது என்பதைத்தான் நான் தொடர்கிறேன்.

அவர் இன்னொன்றும் கேட்டார். எண்ணிக்கையில் அதிகம் என்பதால் இந்தி ஆட்சிமொழி என்றால், தேசிய விலங்கு புலிக்குப் பதில் எலியாகவும், தேசியப் பறவை மயிலுக்குப் பதில் காக்கையாகவும் இருக்க வேண்டாமா என்று அண்ணா கேட்டாரே, அதை ஏன் சேர்க்கவில்லை? நல்ல வாக்கியம்தான். ஆனால் புலி தேசிய விலங்கானது 1970-களில். அண்ணா மறைந்தது 1969-இல். காக்கையும் மயிலும் இருந்திருக்கலாம். புலி வேறு யாரோ பிற்பாடு கொண்டுவந்து கட்டியது போலிருக்கிறது. புகழ்பெற்ற பேச்சாளர்களுக்கு நேரும் கதி இது. அவர்கள் இறந்த பிறகும் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 21

1967-க்கு வந்துவிட்டேன். மார்ச்சில் முதலமைச்சர். அவை வேறு, மொழி வேறு, நாற்காலி வேறு. கேட்டவர் இப்போது கேட்கப்படுபவர். தேர்தலில் சொன்ன ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற இயைபு இப்போது அரசுக் கணக்கில் பற்றாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்குகிறார்கள். அதற்கு மேல் விரிக்கப் பணம் எங்கே என்ற கேள்விக்கு இயைபில் விடை கிடையாது.

இந்தக் கட்டத்தில் வாக்கியம் குட்டையாகிவிடுகிறது. ‘உங்கள் நாட்கள் எண்ணப்படுகின்றன’ என்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, ‘என் அடிகள் அளந்து வைக்கப்படுகின்றன’ என்று அவர் ஆங்கிலத்திலேயே சொன்னதாக ஒரு செய்தி வழிவழியாக வருகிறது. நடந்த இடம், நாள் குறித்துப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்திருந்தால், அது முற்றிலும் வேறு அண்ணா. அடுக்கு இல்லை, கேள்வியும் இல்லை. வந்த வாக்கியத்தின் அச்சிலேயே வார்த்த ஒற்றை வாக்கியம். தாக்கவும் இல்லை, தற்காக்கவும் இல்லை. ஆளும் தரப்பில் இருப்பவருக்கு வாயடக்கம் பலம் என்பதை விரைவாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

1967 ஜூலை 18. தமிழ்நாடு பெயர்த் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறுகிறது. அண்ணா ‘தமிழ்நாடு’ என்று சொல்ல, உறுப்பினர்கள் ‘வாழ்க’ என்கிறார்கள். மூன்று முறை.

ஜூன் 22

நேற்றைய கடைசி வரியை நண்பர் விடமாட்டார் என்று தெரியும். ‘உன் மூன்று கிடைத்துவிட்டது, மகிழ்ச்சியா?’ என்றார். மூன்று முறை வாழ்த்துவது எந்தக் கூட்டத்திலும் உள்ள வழக்கம்தான். அதைச் சான்றாக நான் வைக்கவில்லை. பாதியை அவர் சொல்லி, மறுபாதியை காங்கிரஸ் உறுப்பினர்களின் வாயிலும் வர வைத்தார் என்பது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

1963-இல் மாநிலங்களவை ஏற்காததை 1968-இல் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3-இல் அண்ணா போய்விட்டார். முதலமைச்சராக இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதிலும் கடைசி மாதங்களை நோய் எடுத்துக்கொண்டது. எனவே, விடை சொல்லும் அண்ணாவின் நடை இன்னதுதான் என்று தீர்ப்பெழுத நான் தயாராக இல்லை. உருவாகிக்கொண்டிருந்த ஒன்று அது.

பின்னோக்கிப் போக வேண்டும். 1957 முதல் 1962 வரை, பதினைந்து பேருக்குத் தலைமை தாங்கிச் சென்னைச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்த அண்ணா. எதிரே நிதியமைச்சராக சி. சுப்பிரமணியம். மாநிலங்களவையில் நான் கண்ட கேள்விகள் அங்கேயே, தமிழிலேயே பழகியவையா என்று வரவுசெலவுத் திட்ட விவாதங்களில் தேடப் போகிறேன். அங்கே கிடைத்துவிட்டால், ஜூன் 9-இல் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கும்.