கிரவலோடு போகும் கற்கருவிகள்

வன்னியில் ஒழுங்கைக்கும் அத்திவாரத்துக்கும் கிரவல் பறிக்காத ஊர் இல்லை. சில இடங்களில் அந்தக் கிரவலோடு ஆதிமனிதர் உடைத்த கற்களும் டிப்பரில் ஏறிப் போகின்றன. இலங்கைக் கற்கால ஆய்வில் 'இரணைமடுப் படிவு' என்றே ஒரு பெயர் உண்டு. அடியில் சரளை, மேலே செம்மணல் என அமைந்த அந்தப் படிவுக்குக் கிளிநொச்சி இரணைமடுவின் பெயரைத்தான் வைத்தார்கள். இதே வகைப் படிவு தெற்கே பூந்தலவிலும் பத்திராஜவெலவிலும் இருக்கிறது; அங்கே கருவிகள் கிடந்த படிவின் வயது ஏறத்தாழ 125,000 ஆண்டுகள். இப்படியான சரளையில் எலும்பு உக்கிப்போகும். மிஞ்சுவது கல் மட்டும்தான். அதை அடையாளம் காணத் தெரியாவிட்டால் எல்லாம் ஒழுங்கைக்குள் போய்விடும்.

கருவி எப்படி உடைக்கப்படுகிறது என்று தெரிந்தால் அடையாளம் தானாகப் பிடிபடும். ஒரு கையில் உள்ளங்கைக்கு அடங்கும் உருண்டைக் கல், மற்றக் கையில் உடைக்கப்போகும் மூலக்கல். மூலக்கல்லின் மேற்பரப்பும் பக்கமும் சேரும் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்கவேண்டும். 70, 80 பாகை நல்லது. விளிம்பிலிருந்து அரை, ஒரு சென்ரிமீற்றர் உள்ளே தள்ளிச் சரித்து அடித்தால் செதில், அதாவது கூர்விளிம்புள்ள மெல்லிய துண்டு, கழரும். விளிம்பிலேயே அடித்தால் ஓரம் நொறுங்கும். கூட உள்ளே போனால் விசை கல்லுக்குள் அடங்கிவிடும். கோணம் 90ஐத் தாண்டினால் எவ்வளவு பலமாக அடித்தும் பயனில்லை. பழகுபவர்கள் மூலக்கல்லைத் திருப்பி வேறு கோணம் தேடாமல் அதே இடத்தில் மேலும் மேலும் அடிப்பதுதான் வழக்கமான பிழை. பழகுவதென்றால் கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி இருங்கள்.

கழன்ற செதிலில் அடிவிழுந்த இடத்துக்குக் கீழே சின்னக் குமிழ் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அங்கிருந்து குளத்து அலைபோல வளையங்கள் விரியும். முதுகுப்பக்கத்தில் முன்பு கழன்ற செதில்களின் தழும்புகள் தெரியும். ஆற்றில் உருண்டு உடைந்த கல்லில் இந்த ஒழுங்கு அரிது. பெக்கோவின் பல் பட்டு உடைந்ததென்றால் உடைவு புதிதாக, வெளிறி இருக்கும். பழைய உடைவில் செம்மண் நிறம் ஊறியிருக்கும்.

வெள்ளைக் குவாட்ஸில் இந்தப் பாடம் அரைவாசிதான் செல்லும். அதற்குள் இயல்பாகவே வெடிப்புகள் ஓடுவதால் குமிழ் மங்கலாக இருக்கும், கல் கட்டிகட்டியாகச் சிதறும். அதனால் ஆதிமனிதர் அதைப் பட்டடைபோல ஒரு கல்லின்மேல் வைத்து மேலிருந்து அடித்தார்கள். அப்படி உடைத்த துண்டின் இரண்டு முனையும் நசிந்திருக்கும். இது பின்னால் வந்த தந்திரம் அல்ல. கென்யாவின் லொமேக்வியில் 33 இலட்சம் ஆண்டுக்கு முந்திய, இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய கற்கருவிகளிலேயே பட்டடைக்கல் முறை இருக்கிறது.

இதற்கெல்லாம் கை வேண்டும். சிம்பன்சிக்கு விரல்கள் நீளம், பெருவிரல் கட்டை. கொட்டை உடைக்கும், ஆனால் நுனிவிரல்களால் கல்லை இறுகப் பிடித்துத் திருப்புவது கடினம். நமக்குப் பெருவிரல் நீளம், மற்ற விரல்கள் கட்டை, நுனிகள் அகலம். பெருவிரல் நுனியை மடக்க நமக்குப் பலமான ஒரு தனித்தசையே இருக்கிறது. நடுவிரலுக்குக் கீழுள்ள உள்ளங்கை எலும்பில் மணிக்கட்டைப் பூட்டும் சிறு முனை ஒன்று உண்டு; கென்யாவின் கைற்றியோவில் கிடைத்த 14 இலட்சம் ஆண்டு பழைய எலும்பில் அது தெளிவாகத் தெரிகிறது.

பல்லும் இதோடு சேர்ந்து மாறியது. நமது கடைவாய்ப் பற்கள் பச்சை இறைச்சியை அறுக்காது, நசிக்கத்தான் செய்யும். எவ்வளவு மென்றாலும் அது இழுபடும். கல் செதிலால் சிறிதாக அரிந்தால் விழுங்கலாம். வாய் செய்ய வேண்டிய வேலையைக் கை எடுத்துக்கொண்டதும், நாம் சேர்ந்த ஹோமோ பேரினத்தில் பற்களும் தாடையும் படிப்படியாகச் சிறுத்தன. சமையல் பரவலாக வந்தது அதற்கு வெகு பிறகு.

கிரவல் குழியில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போடாதீர்கள். எந்தப் படையில், தரையிலிருந்து எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பாதிப் பெறுமதி. பக்கத்தில் அடிமட்டமோ நாணயமோ வைத்துப் படமெடுங்கள். குழிச்சுவர் முழுவதும் தெரிய இன்னொரு படம். கழுவவேண்டாம். அனுமதி இல்லாமல் தோண்டுவது தொல்பொருள் சட்டப்படி குற்றம், ஆகவே தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத, சிவப்புப் பலகை நட்ட காணிக்குள் எந்தக் கல்லுக்காகவும் கால் வைக்காதீர்கள்.