‘பிரிங் அப்’: வார்டில் கேட்டுப் பழகிய ஒரு வினைச்சொல்

இங்கிலாந்துக்கு வேலைக்கு வரும் நம் ஊர் நர்ஸ்கள் யாரும் மருத்துவ ஆங்கிலத்தில் சோடை போவதில்லை. ஹீமாப்டிசிஸ் (இருமலில் ரத்தம்), ஹெமடெமிசிஸ் (ரத்த வாந்தி), சின்கோபி (மயக்கம்) எல்லாம் நர்சிங் காலேஜிலேயே மனப்பாடம். 2017-லிருந்து இங்குள்ள நர்சிங் கவுன்சில் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியையும் ஏற்றுக்கொள்கிறது. அதில் வரும், நோயாளியிடம் பேசிக் காட்டும் ரோல் பிளேயையும் கடிதத்தையும் நன்றாகவே செய்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். ஆனால் வார்டில் எந்த நோயாளியும் தனக்கு சின்கோபி வந்தது என்று சொல்வதில்லை. மயங்கி விழுந்தால் ‘பாஸ் அவுட்’, நினைவு திரும்பினால் ‘கம் ரவுண்ட்’, வலி மருந்தின் வேகம் தணிந்தால் ‘வேர் ஆஃப்’. நம் ஊரில் ‘2014 பாஸ் அவுட்’ என்றால் அந்த வருடம் படிப்பை முடித்தவர். பரங்கிமலை ராணுவ அகாடமியில் பயிற்சி முடிப்பவர்களுக்கு நடப்பதும் ‘பாசிங் அவுட் பரேட்’தான். இங்கே ஒரு பாட்டி கடையில் பாஸ் அவுட் ஆனேன் என்றால் உடனே படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிபி பார்க்க வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும்.

யார்க்‌ஷயர் பக்கம் ஒரு பொது மருத்துவ வார்டில் வேலை செய்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது ‘பிரிங் அப்’. பள்ளிக்கூடத்தில் இதற்கு ‘வளர்த்தல்’ என்று ஒரே பொருள்தான் படித்திருப்போம். அந்தப் பொருளும் இங்கே நிறையக் காதில் விழும். ‘ஐ பிராட் அப் ஃபோர் கிட்ஸ் ஆன் மை ஓன்’ என்று ஒரு பாட்டி ஆரம்பித்தால், தனியாளாக நாலு பிள்ளைகளை வளர்த்த கதை முழுவதும் வரும். அவர் கையைப் பிடித்துக் குளியலறைக்கு மெதுவாகக் கூட்டிப் போனால் ‘யூ வேர் பிராட் அப் வெல், லவ்’ என்பார். நல்லபடியாக வளர்த்திருக்கிறார்கள் என்று நம் அம்மாவுக்குப் போய்ச்சேரும் பாராட்டு அது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விட வைப்பதையும் ‘பிரிங் அப் விண்ட்’ என்பார்கள்.

அப்புறம் வருகிறது எங்களுக்கு வேலை வைக்கும் பொருள். வயிற்றில் இருப்பது வாந்தியாக வந்தாலும் பிரிங் அப், நெஞ்சில் இருக்கும் சளி இருமலோடு வந்தாலும் பிரிங் அப். வருவது சாப்பாடோ சளியோ என்றால் பெரிய குழப்பமில்லை. ரத்தம் என்றால் கதை வேறு.

ஒரு நைட் டியூட்டியில், வந்து கொஞ்ச நாளே ஆன ஒரு தங்கை ஸ்டாஃப் ரூமுக்கு வேகமாக வந்தாள். கையில் சாம்பல் நிற அட்டைக் கிண்ணம். மட்கும் காகிதக் கூழில் செய்தது, தொப்பியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். வாந்தி எடுப்பவர்களுக்குக் கொடுப்பது.

“அக்கா, ஜன்னலோர பெட் தாத்தா ‘ஐ கீப் பிரிங்கிங் இட் அப்’ங்கறார். ரத்தமும் வருதாம். வாந்திதானே?”

“இருமும்போது வருதா, குமட்டிக்கிட்டு வருதான்னு கேட்டியா?”

“கேக்கலையேக்கா.”

“வா, சேர்ந்தே போய்க் கேப்போம்.”

‘டஸ் இட் கம் அப் வென் யூ காஃப், ஆர் ஃப்ரம் யுவர் டம்மி?’ (இருமும்போதா, வயிற்றிலிருந்தா?) என்று அவளே கேட்டாள். ‘வென் ஐ காஃப், லவ்’ என்றார் தாத்தா. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து விரித்துக் காட்டினார். மஞ்சள் சளியில் நூல் நூலாகச் சிவப்பு. அவருக்குத் தேவைப்பட்டது அட்டைக் கிண்ணம் அல்ல, லேபுக்கு அனுப்புகிற மூடி போட்ட சளி டப்பா.

இந்த ஒரு கேள்வியிலிருந்து இரண்டு பாதை பிரிகிறது. நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாக, நுரையோடோ சளியோடு கலந்தோ வரும். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். காசநோய் சந்தேகம் இருந்தால் உடனே தனி அறைக்கு மாற்ற வேண்டும். வயிற்றிலிருந்து வருவது பல சமயம் கறுத்து, காப்பித் தூள் போல, சாப்பாட்டோடு கலந்து வரும். அப்போது வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் நிறுத்தி, ரத்தக்கசிவின் ஆபத்தைக் கணிக்கும் பிளாட்ச்ஃபோர்ட் ஸ்கோர் போட்டு எண்டோஸ்கோபிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அதை 24 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பது சிகிச்சை முறைகளை வகுக்கும் இங்குள்ள நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். ரத்தம் நிறையப் போய் நிலைமை மோசமாக இருந்தால், டிரிப்ஸும் ரத்தமும் ஏற்றி நிலைப்படுத்திய கையோடு எண்டோஸ்கோபி. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூக்கில் வடிந்த ரத்தத்தை விழுங்கிவிட்டுப் பிறகு வாந்தி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் மூக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இது ஆங்கிலத்துக்கு மட்டுமே உள்ள சிக்கல் என்று நான் நினைக்கவில்லை. நம் ஊர் ஆஸ்பத்திரியில் ‘ரத்த ரத்தமா வந்துச்சும்மா’ என்று வந்து நிற்பவரிடமும் ‘இருமும்போதா, வாந்தியிலயா?’ என்றுதான் கேட்டோம். அங்கே அந்தக் கேள்வி யோசிக்காமலே வாயில் வந்தது. இங்கே வந்த புதிதில் பெரும்பாலான பிள்ளைகளின் கவனமெல்லாம் வாக்கியத்துக்குப் பொருள் கண்டுபிடிப்பதிலேயே போய்விடுகிறது. பொருள் கிடைத்ததும் வேலை முடிந்தது போல ஒரு நிம்மதி. கையில் உள்ள மருத்துவ அறிவு அந்த நேரத்தில் பின்னால் போய் நின்றுகொள்கிறது. எனக்கு வருத்தம் தருவது இதுதான். இவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு சின்ன ‘அப்’ இவர்களைத் தயங்க வைக்கக் கூடாது.

அதனால் பட்டியல் போட்டுப் படிக்கச் சொல்வதில்லை. யூனிஃபார்ம் பாக்கெட்டில் ஒரு குட்டி நோட்டு வைத்துக்கொண்டு, காதில் விழுந்த வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல்கிறேன். நோயாளியின் பெயரோ பெட் நம்பரோ இருக்கக் கூடாது, வாக்கியம் மட்டும். அதற்குக் கீழே, அடுத்து என்ன கேட்க வேண்டும் என்ற கேள்வி. வாக்கியமாக எழுதும்போது வேறொன்றும் தானாகப் படிந்துவிடுகிறது: ‘பிரிங் இட் அப்’ என்று ‘இட்’ நடுவில்தான் வரும், ‘பிரிங் அப் இட்’ என்று யாரும் சொல்வதில்லை. நோயாளி சொன்னதை நோட்ஸில் எழுதும்போதும் முதலில் மேற்கோள் குறிக்குள் அவர் வார்த்தை, பிறகு நாம் கேட்டுத் தெரிந்துகொண்டது. வெறும் ‘பிரிங்கிங் அப் பிளட்’ என்று மட்டும் எழுதி வைத்தால் ஹேண்டோவர் வாங்குகிற அடுத்த ஷிஃப்ட்காரர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பிரிங் அப்புக்கு இன்னொரு பொருளும் உண்டு, பேச்சை எடுப்பது. இந்த ஊர்ப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வது ‘ஐ டிட்ன்ட் லைக் டு பிரிங் இட் அப்’. சொல்லத் தயக்கமாக இருந்தது, உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டேன் என்பது போல. காலையில் டாக்டர் ரவுண்டு வந்து ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்றால் ‘நாட் டூ பேட்’ என்று முடித்துவிடுவார்கள். உள்ளே ஒரு பயம் அப்படியே இருக்கும். இந்தத் தயக்கம் நம் பாட்டிகளிடமும் உண்டு என்பதால் எனக்கு அது சீக்கிரம் கண்ணில் பட்டுவிடுகிறது.

அதனால் இரவு மருந்து கொடுத்து முடித்து விளக்கை அணைப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அந்த வினைச்சொல்லாலேயே கேட்கிறேன்: ‘எனிதிங் யூ’வ் பீன் மீனிங் டு பிரிங் அப்?’ சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா என்று. பாதிப்பேர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். முழங்கால் வலிக்கு நெடுநாளாக ஐபுபுரோஃபென் சாப்பிட்டு வந்த ஒரு அம்மா மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டு, சில நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றார். வயிற்றில் ரத்தம் கசிந்தால் மலம் அப்படிப் போகும். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் டிரக் சார்ட்டைப் புரட்டினேன். அதில் அப்படி ஒன்றும் இல்லை, வீட்டிலும் சாப்பிடவில்லை என்றார். நாடித்துடிப்பு மாலையில் இருந்ததைவிட ஏறியிருந்தது. காலை ரவுண்டு வரை வைத்திருக்காமல் அப்போதே டியூட்டி டாக்டருக்கு ஃபோன் போட்டேன். அவர் வந்து பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, காலையில் முதல் ஆளாக எண்டோஸ்கோபிக்கு எழுதிவைத்தார்.